மலைநாட்டுல நெட் ரேடியோ: எப்படி கேக்குறது, நின்னு போனா எங்க பாக்குறது

நம்ம பக்கம் எஃப்எம் எடுக்குறதே ஒரு தனி வித்தை. செட்டோட ஏரியல ஜன்னல் கம்பியில கட்டி, அதுல ஒரு செப்புக் கம்பிய சுத்தி கூரை வரைக்கும் இழுத்து விட்டிருப்பாங்க, அப்பவும் யாராவது குறுக்க நடந்தா பாட்டு போயி இரைச்சல் வந்துடும். எஃப்எம் அலை கிட்டத்தட்ட நேர் கோட்டுல தான் போகும், நடுவுல மலை நின்னா அதுக்கு அந்தப் பக்கம் நிழல். பீதுருதாலகால 2524 மீட்டர், இலங்கையிலயே உசரமான மலை, உச்சியில டிவி டிரான்ஸ்மிட்டரே நிக்குது, ஆனா ரெண்டு மடிப்பு தள்ளி பள்ளத்துல கெடக்குற லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) எவ்வளவு பெரிய கோபுரம் இருந்தாலும் மலை மறைச்சா மறைச்சது தான். அதே லயத்துல போன்ல ரெண்டு கோடு 4ஜி வந்தா போதும், கொழும்பு ஸ்டேஷனும் வரும், சென்னை ஸ்டேஷனும் வரும், லண்டன்ல இருந்து தமிழ்ல பேசுறவங்களும் வருவாங்க.

இன்னொரு விஷயமும் இருக்கு. முந்தி ராத்திரியில ஷார்ட் வேவ்ல தேடித் தேடி கேட்டதுல பாதி இப்ப அங்க இல்ல. பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் மாசத்தோட வானொலிய நிறுத்திடுச்சு, வெரித்தாஸ் தமிழ்ப்பணி 2018ல சிற்றலைய விட்டுட்டு நெட்டுக்கு போயிடுச்சு. அதனால வீட்டுல இருக்குற பெரியவங்க "முன்ன மாதிரி ரேடியோல ஒண்ணும் வர்றதில்ல"னு சொன்னா அது செட்டோட பழுது மட்டும் இல்ல, அவங்க தேடுற ஸ்டேஷன் இடம் மாறிப் போச்சு.

இத புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்காக எழுதுறேன். ஒரே ஒரு விஷயத்த மண்டையில வச்சிக்கிட்டு படிங்க: ரேடியோ நின்னா ஒடனே ஆப்ப அழிச்சிட்டு வேற ஆப் எறக்காதீங்க. ஸ்டேஷன், சிக்னல், ஆப், போன், இந்த நாலுல எது மக்கர் பண்ணுதுனு மொதல்ல கண்டுபிடிக்கணும். நம்ம ஊருல பத்துக்கு ஏழு தடவ சிக்னல் தான் காரணமா இருக்கும், ஆனா எல்லாரும் கைய வைக்கிறது ஆப்புல.

போன்ல இருக்குற எஃப்எம்மும் நெட் ரேடியோவும் ஒண்ணு இல்ல

சில போன்ல எஃப்எம் ரேடியோனே ஒரு ஆப் வரும், இயர்போன் வயர் சொருகுனா தான் வேலை செய்யும், ஏன்னா அந்த வயர் தான் ஏரியல். அதுக்கு டேட்டா போகாது, சிம் கூட தேவையில்ல. ஆனா பழைய செட்டு எடுக்காத எடத்துல அதுவும் எடுக்காது, ரெண்டும் ஒரே அலைய தான் பிடிக்குது. நெட் ரேடியோங்கிறது ஸ்டேஷன்காரங்க சத்தத்த டேட்டாவா மாத்தி சர்வர்ல இருந்து அனுப்புறது, அது வாட்ஸ்அப் மெசேஜ் வர்ற அதே வழியா தான் ஒங்க போனுக்கு வருது. ஸ்டேஷன் எவ்வளவு தூரத்துல இருக்குங்கிறது பிரச்சினையே இல்ல, ஒங்க போனுக்கும் பக்கத்து டவருக்கும் நடுவுல என்ன இருக்குங்கிறது தான் பிரச்சினை.

பட்டன் போன் வச்சிருக்கவங்க இதுக்காக மெனக்கெட வேணாம். அதுல எஃப்எம் இருந்தா அத கேளுங்க. பட்டன் போன்ல நெட் ரேடியோ ஓட வைக்கிறேன்னு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க.

டேட்டா எவ்வளவு போகும்

எல்லாரும் மொதல்ல கேக்குற கேள்வி இது தான், அதனால கணக்க இங்கயே சொல்லிடுறேன். ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு வேகத்துல அனுப்பும், அத கேபிபிஎஸ்னு போட்டிருப்பாங்க. அந்த நம்பர 0.45 ஆல பெருக்குனா ஒரு மணி நேரத்துக்கு எத்தன எம்பி போகும்னு வந்துடும். 128 கேபிபிஎஸ் ஸ்டேஷன்னா மணிக்கு 58 எம்பி கிட்ட, 64னா 29 எம்பி, 48னா 22 எம்பி, 32னா 14 எம்பி. ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம் கேக்குற வீடுன்னா மாசத்துக்கு 128ல எட்டரை ஜிபிய தாண்டும், 48ல மூணு ஜிபி சொச்சம் தான். ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் ஒரு ரீலோட் காசு.

கொறைஞ்ச நம்பர் எடுத்தா சத்தம் கெட்டுடும்னு பயப்பட வேணாம். ஏஏசி பிளஸ்னு (சத்தத்த சுருக்கி அனுப்புற ஒரு முறை) போட்டிருந்தா 48லயே பாட்டு நல்லா இருக்கும், நியூஸ், மரண அறிவித்தல், பேச்சு நிகழ்ச்சிக்கெல்லாம் 32 தாராளம். எம்பி3னு போட்டு 48னா மட்டும் டப்பாவுக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கும், அத விட்டுடுங்க.

இப்ப முக்கியமான ஒண்ணு, கடைசி வரைக்கும் கவனிங்க. யூடியூப்புக்கு மட்டும் அன்லிமிடட், பேஸ்புக் வாட்ஸ்அப்புக்கு மட்டும்னு போடுற பேக்கேஜ் இருக்கே, அந்த டேட்டாவுல நெட் ரேடியோ ஓடாது, அது எனிடைம் டேட்டால, அதாவது எந்த நேரமும் எந்த சைட்டுக்கும் ஓடுற பொது டேட்டால இருந்து தான் போகும். நைட் டேட்டா பகல்ல ஒதவாது. "ஆப்ல 20 ஜிபி காட்டுது ஆனா ரேடியோ மட்டும் எடுக்க மாட்டேங்குது"னு வர்றவங்கள்ல நெறைய பேரோட கதை இது தான், இருக்குற 20 ஜிபில எனிடைம் எவ்வளவுனு பிரிச்சி பாத்தா பூஜ்யமா இருக்கும். அதனால ரேடியோ கேக்கணும்னே ரீலோட் பண்ணுறவங்க கடையில "எனிடைம் எவ்வளவு"னு கேட்டு போடுங்க.

ஆண்ட்ராய்ட் போன்ல ஆரம்பிக்கிறது

ஆப்பே எறக்காம ஆரம்பிங்க. க்ரோம்ல ஸ்டேஷன் பேர அடிங்க, தென்றல், சூரியன், சக்தி, வசந்தம் எது வேணாலும், கூட லைவ்னு ஒரு வார்த்த சேத்துக்குங்க. ஸ்டேஷனோட சொந்த சைட் எதுனு பாத்து உள்ள போங்க, ப்ளே பட்டன அமுக்குங்க, பத்து செகண்ட் பொறுங்க. பொறுக்காம திரும்பத் திரும்ப அமுக்குனா ஒவ்வொரு தடவையும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கும். சத்தம் வந்ததும் ஸ்க்ரீன லாக் பண்ணி பாருங்க. லாக் பண்ணியும் ஓடுதா? அப்ப ஒங்களுக்கு வேற ஒண்ணும் தேவையில்ல. க்ரோம்ல மேல உள்ள மூணு புள்ளிய தொட்டு "ஆட் டு ஹோம் ஸ்க்ரீன்" குடுத்துட்டா அந்த சைட் ஒரு ஐகானா வந்து முகப்புல ஒக்காந்துக்கும். எழுத்து வாசிக்க கஷ்டப்படுற அம்மாயிக்கு கூட "இந்த படத்த தொடுங்க அம்மாயி"னு சொல்லிட்டு போயிடலாம்.

பல ஸ்டேஷன் ஒரே எடத்துல வேணும்னா தான் ஆப். டியூன்இன் பழசு, நெறைய ஸ்டேஷன் இருக்கு, நடுவுல விளம்பரமும் இருக்கு. ரேடியோ கார்டன்னு ஒண்ணு 2016ல வந்துச்சு, பூமி உருண்டைய வெரலால சுத்தி பச்சை புள்ளிய தொட்டா அந்த ஊரு ரேடியோ பாடும், தினசரி கேக்குறதுக்கு அவ்வளவு வசதினு சொல்ல மாட்டேன் ஆனா பிள்ளைங்க கையில குடுத்தா ஒரு மணி நேரத்துக்கு கவலையில்ல. அகில இந்திய வானொலி கேக்குற பழக்கம் உள்ளவங்க நியூஸ் ஆன் ஏர் ஆப் எறக்கிக்கலாம், அது பிரசார் பாரதியோட சொந்த ஆப், தமிழ் ஸ்டேஷனெல்லாம் தனித்தனியா வரும்.

ஆப் எறக்கும்போது ஒரு கண்ணு வைங்க. ரேடியோ ஆப்புக்கு ஒங்க கான்டாக்ட்டும் எஸ்எம்எஸ்ஸும் எதுக்கு? அனுமதி கேட்டா வேணாம்னு குடுங்க, குடுக்காட்டி ஓட மாட்டேன்னா அழிச்சிடுங்க. தமிழ் ரேடியோனு தேடுனா நூறு ஆப் வரும், பாதிக்கு மேல யாரோ ஒருத்தர் எல்லா ஸ்டேஷன் லிங்க்கையும் அள்ளிப் போட்டு விளம்பரம் ஓட்டுறது. ஸ்டேஷன்காரங்க லிங்க்க மாத்துனா அந்த ஆப்ல அது செத்துப் போயிடும், நீங்க ஸ்டேஷனையே மூடிட்டாங்கனு நெனச்சிக்குவீங்க.

ஐபோன்ல சஃபாரில இதே கதை தான், ஷேர் பட்டன்ல இருந்து ஹோம் ஸ்க்ரீனுக்கு போட்டுக்கலாம்.

போன எங்க வைக்கிறது

இதுல தான் நம்மாளுங்க கோட்டை விடுறாங்க. லயத்துல தகரக் கூரை, சில எடத்துல சுவர் ஓரமாவும் தகரம் அடிச்சிருக்கும், தகரம் சிக்னல திருப்பி அடிச்சிடும். அதனால உள் காம்பராவுல (அறையில) ஒரு கோடு கூட இல்லாத அதே போனு இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) வந்தா மூணு கோடு காட்டும்.

கோட்ட மட்டும் நம்பாதீங்க, அத ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி காட்டுவான். செட்டிங்ஸ்ல "அபவுட் போன்" போயி, அதுக்குள்ள ஸ்டேட்டஸ், அதுக்குள்ள சிம் ஸ்டேட்டஸ் பாருங்க, சிக்னல் ஸ்ட்ரென்த்னு மைனஸ் போட்டு ஒரு நம்பர் இருக்கும். 4ஜில மைனஸ் 90 பக்கம் இருந்தா ராஜா, மைனஸ் 105 வரைக்கும் சமாளிக்கலாம், மைனஸ் 115அ தாண்டிடுச்சினா பாட்டு விட்டு விட்டு தான் வரும். மைனஸ் போட்டதால சின்ன நம்பர் தான் நல்லது, இத நெறைய பேரு தலைகீழா புரிஞ்சிக்குவாங்க. இப்ப அந்த பக்கத்த தொறந்து வச்சிக்கிட்டே வீட்டுக்குள்ள மெதுவா நடங்க, ஒவ்வொரு எடத்துலயும் ஒரு பத்து செகண்ட் நில்லுங்க, நம்பர் மாற கொஞ்சம் நேரம் எடுக்கும். ஜன்னல் ஓரம், வாசல்படி, குசினிப் பக்கம், பரண் மேல. ஒரே வீட்டுல ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் 15 வித்தியாசம் வர்றது சாதாரணம். நல்ல எடம் எதுனு கண்டுபிடிச்சிட்டா அங்க ஒரு ஆணி அடிச்சி போன் வைக்க ஒரு பை தொங்க விட்டுடுங்க, ரேடியோவுக்கு அது தான் எடம், அங்க இருந்து புளூடூத்ல ஸ்பீக்கருக்கு சத்தத்த அனுப்பிக்கலாம். போன கையில தூக்கிட்டு அலையத் தேவையில்ல.

ரவுட்டரோ டொங்கிளோ வச்சிருக்கவங்களுக்கும் இதே தான். டிவி பக்கத்துல அழகா இருக்குனு வைக்காதீங்க, டவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்க ஜன்னல்ல வைங்க.

மழை பேஞ்சா நெட் போயிடுதுனு ஒரு பேச்சு உண்டு. டிஷ் டிவிக்கு அது உண்மை, அந்த அலைய மழை தின்னுடும். போன் டவர் அலைய மழை அந்த அளவுக்கு ஒண்ணும் பண்ணாது. மழைல கரண்ட் போகுது, கரண்ட் போயி கொஞ்ச நேரத்துல டவர்ல உள்ள பேட்டரி எறங்குது, அப்ப தான் சிக்னல் போகுது. கரண்ட் வந்ததும் சிக்னலும் வருதானு கவனிச்சி பாருங்க, வந்தா ஒங்க போன்ல கைய வைக்க ஒண்ணுமே இல்ல.

நின்னு போனா, இந்த வரிசையில பாருங்க

மொதல்ல வேற ஒரு ஸ்டேஷன் போட்டு பாருங்க. அது ஓடுனா ஒங்க போன், ஒங்க நெட், எல்லாம் சரி, அந்த ஸ்டேஷன் சர்வர் தான் மூச்சு விடல, அரை மணி நேரம் விட்டுட்டு வாங்க. ரெண்டாவது ஸ்டேஷனும் ஓடலனா க்ரோம்ல புதுசா ஒரு சைட்ட தொறந்து பாருங்க, முந்தி தொறக்காத சைட்டா இருக்கணும், ஏன்னா பாத்த சைட்ட போன் ஞாபகம் வச்சிக்கிட்டு நெட் இல்லாமலே காட்டும். அதுவும் தொறக்கலனா நெட்டு தான். டேட்டா இருக்கானு பாத்துட்டு, ஏரோப்ளேன் மோட போட்டு பத்து செகண்ட் கழிச்சி எடுங்க, போன் டவர மறுபடி புதுசா தேடும். பாதி நேரம் இதோட சரியாயிடும், ஏன்னா மலையில போன் தூரத்து டவர ஒண்ணு புடிச்சிக்கிட்டு விடாம தொங்கிட்டு இருக்கும்.

சைட் தொறக்குது, ரேடியோ மட்டும் வரலனா, அப்ப தான் ஆப் பக்கம் போறோம். எப்படி நிக்குதுங்கிறத கவனிச்சா காரணம் தானா தெரியும்.

கொஞ்சம் பாடி, நின்னு, சுத்தி, மறுபடி பாடுதா? அது வேகம் பத்தல. இத எப்படி புரிஞ்சிக்கணும்னா, ஊத்துல இருந்து குழாய் போட்டு பீப்பாயில தண்ணி புடிக்கிறோமே, குழாயில விட்டு விட்டு வந்தாலும் பீப்பாயில தண்ணி இருக்குற வரைக்கும் நாம மொண்டுக்கலாம், அந்த மாதிரி ஆப் கொஞ்சம் சத்தத்த முன்கூட்டியே புடிச்சி வச்சிக்கிட்டு தான் பாடுது, அதுக்கு பேரு பஃபர். வர்றத விட போறது கூடுனா காலியாகி நின்னுடும். இதுக்கு மருந்து ரெண்டு: அதே ஸ்டேஷனோட கொறைஞ்ச கேபிபிஎஸ் லிங்க் இருந்தா அத எடுங்க, இல்லனா பஃபர பெருசாக்குங்க. விஎல்சினு பாட்டு, படம் ஓட்டுற ஆப் ஒண்ணு இருக்கு, அதுல இத செய்யலாம், கீழ சொல்றேன்.

ஸ்க்ரீன் அணைஞ்சி அஞ்சு பத்து நிமிஷத்துல நிக்குது, போன தொட்டா மறுபடி வருதுனா அது சிக்னலே இல்ல, போன் பேட்டரிய மிச்சம் புடிக்கிறேன்னு ஆப்ப தூங்க வைக்குது. செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்த ரேடியோ ஆப், பேட்டரினு உள்ள போயி "அன்ரெஸ்ட்ரிக்டட்" குடுங்க. சாம்சங்ல "ஸ்லீப்பிங் ஆப்ஸ்"னு ஒரு பட்டியல் இருக்கும், அதுல இருந்து எடுத்து விடுங்க. சியோமில "ஆட்டோஸ்டார்ட்"டும் போடணும். டேட்டா சேவர் போட்டிருந்தா அதுவும் பின்னால ஓடுற ஆப்போட டேட்டாவ நிப்பாட்டும், அதுலயும் இந்த ஒரு ஆப்புக்கு மட்டும் விலக்கு குடுக்கலாம்.

ஓடுற மாதிரி காட்டுது ஆனா சத்தம் இல்லயா? சிரிக்காதீங்க, புளூடூத்த பாருங்க. அடுத்த காம்பராவுல தம்பியோட ஸ்பீக்கர்ல ஒங்க பக்தி பாட்டு ஓடிக்கிட்டு இருக்கும். அதுவும் இல்லனா மீடியா வால்யூம், ரிங் வால்யூம் வேற மீடியா வால்யூம் வேற, பாட்டு ஓடும்போது பட்டன அமுக்குனா தான் மீடியா வால்யூம் கூடும்.

யாராவது கோல் எடுத்தா நின்னு போகுது, கோல் வச்சதும் வருதுனா பயப்பட ஒண்ணும் இல்ல, ஆனா கோல் முடிஞ்சும் ரொம்ப நேரம் 4ஜிக்கு திரும்பாம இருந்தா செட்டிங்ஸ்ல வோல்டீ (4ஜிலயே கோல் பேசுற வசதி) போட்டு பாருங்க. வோல்டீ இல்லாத போன் பேசுறதுக்காக 3ஜிக்கோ 2ஜிக்கோ எறங்கும், எறங்குனது ஏற சோம்பேறித்தனம் படும்.

சைட்டுல ப்ளே பட்டன் அமுக்கியும் அசையவே மாட்டேங்குதுனா, சைட் எச்டிடிபிஎஸ்ல (பூட்டு போட்ட பாதுகாப்பான வழி) இருக்கும், உள்ள உள்ள ரேடியோ லிங்க் பூட்டு இல்லாத பழைய எச்டிடிபில இருக்கும், பிரவுசர் ரெண்டையும் கலக்க விடாது. இத நீங்க சரி பண்ண முடியாது, ஆனா அந்த லிங்க்க விஎல்சில போட்டா ஓடும்.

அப்புறம் இந்த தேதி விவகாரம். பேட்டரி சுத்தமா எறங்கி ரொம்ப நாள் கெடந்த பழைய போன போட்டா தேதி எங்கயோ 2015ல நிக்கும். தேதி தப்புனா பாதுகாப்பான சைட் எதுவும் தொறக்காது, "கனெக்ஷன் நொட் பிரைவேட்"னு பயமுறுத்தும். தேதிய ஆட்டோமெட்டிக்ல போடுங்க. தேதி சரியா இருந்தும் அதே மெசேஜ் வருதுனா போன்ல ஆண்ட்ராய்ட் எத்தனாம் நம்பர்னு பாருங்க. 7.1க்கு கீழ உள்ளது நெறைய சைட்டோட சான்றிதழ இப்ப நம்ப மாட்டேங்குது, பழசு ஒண்ணு 2021 செப்டம்பர் 30ஓட காலாவதி ஆனதுல இருந்து வந்த தலைவலி, அதுக்கு போட்ட ஒட்டு வேலையும் 2024ல முடிஞ்சி போச்சு. அந்த போன்ல எச்டிடிபி லிங்க் குடுக்குற ஸ்டேஷன் தான் நம்பிக்கையா ஓடும்.

மத்த ஸ்டேஷனெல்லாம் ஓடுது, இந்தியாவுல உள்ள ஒண்ணு மட்டும் எப்பவுமே ஓட மாட்டேங்குதுனா வெளிநாட்டுக்கு அடைச்சி வச்சிருப்பாங்க, மேட்ச் கமென்ட்ரி நேரத்துல இது சகஜம். விட்டுடுங்க.

மேட்ச்னதும் ஞாபகம் வந்துச்சு, நெட் ரேடியோ எப்பவும் எஃப்எம்ம விட அரை நிமிஷம், சில நேரம் ஒரு நிமிஷமே பிந்தி தான் வரும். பக்கத்து வீட்டுல விக்கெட்டுனு கத்துனதுக்கு அப்புறம் தான் ஒங்க போன்ல பந்த போடவே ஓடி வருவான். இது பழுது இல்ல. ரேடியோ மணி அடிக்கிறத வச்சி கடிகாரம் திருத்துற பெரியவங்க கிட்ட மட்டும் இத சொல்லி வைங்க.

கம்ப்யூட்டர், விஎல்சி

லேப்டொப்ல பிரவுசர்லயே கேக்கலாம், ஆனா விஎல்சி இருந்தா நெட் மெதுவா இருக்குற வீட்டுக்கு அது தான் ஒசத்தி. கன்ட்ரோலையும் என் எழுத்தையும் சேத்து அமுக்குனா லிங்க் கேக்குற ஜன்னல் வரும், ஸ்டேஷன் லிங்க்க ஒட்டிட்டு ப்ளே குடுங்க. அதே ஜன்னல்ல கீழ "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்"னு ஒரு கட்டம், அதுல டிக் போட்டா கேஷிங்னு 1000 மில்லிசெகண்ட் காட்டும், அத 8000, 10000னு கூட்டுங்க. ஆரம்பிக்க பத்து செகண்ட் பிந்தும், அதுக்கப்புறம் சின்ன சின்ன தடங்கலெல்லாம் காதுக்கு தெரியாது.

லிங்க் எங்க கெடைக்கும்? ரேடியோ பிரவுசர்னு ஒரு பொது பட்டியல் இருக்கு, எல்லாரும் சேந்து ஸ்டேஷன் லிங்க்க போட்டு வைக்கிற எடம், நாட்ட ஸ்ரீலங்கானு தேடுங்க, கேபிபிஎஸ்ஸும் பக்கத்துலயே போட்டிருக்கும். சில நேரம் லிங்க்குனு ஒரு சின்ன ஃபைல் எறங்கும், கடைசில எம்3யு இல்லாட்டி பிஎல்எஸ்னு முடியும். அத நோட்பேட்ல தொறந்தா உள்ள உண்மையான லிங்க் எழுத்தா இருக்கும், அத எடுத்து ஒட்டுங்க. போன்ல உள்ள விஎல்சிலயும் "மோர்" பக்கத்துல "நியூ ஸ்ட்ரீம்" இருக்கு, அங்க ஒட்டலாம். நல்லா ஓடுற லிங்க் கெடைச்சா வாட்ஸ்அப்ல ஒங்களுக்கே ஒரு மெசேஜா அனுப்பி வச்சிக்குங்க, குவைத்துல இருக்குற சித்திக்கும் கொழும்புல கடையில நிக்கிற தம்பிக்கும் அதையே அனுப்பலாம், அங்கயும் ஓடும்.

டிவி, வண்டி, மத்தது

ஸ்மார்ட் டிவில டியூன்இன் மாதிரி ஆப் இருக்கும், ஆனா ரேடியோ கேக்க டிவிய ஓட விடுறது கரண்டுக்கு கேடு. யூடியூப்ல வர்ற ரேடியோ லைவும் அப்படி தான், பாக்காத படத்துக்கு டேட்டா குடுக்குறீங்க.

ஆட்டோக்காரங்களுக்கு: செட்டுல புளூடூத் இருந்தா வேல முடிஞ்சுது. இல்லனா லைட்டர் சொக்கட்ல சொருகுற சின்ன எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் விக்கிறாங்க, போன் பாடுறத அது எஃப்எம்மா மாத்தி ஒங்க செட்டுக்கே அனுப்பும், ஒண்ணும் பிடிக்காத ஒரு காலி நம்பர பாத்து வைங்க. ஹட்டன்ல இருந்து மஸ்கெலியா, பொகவந்தலாவ பக்கம் போற ரோட்டுல வளைவுக்கு வளைவு டவர் மாறும், அதுல எந்த ஆப்பும் சுத்தமா ஓடாது, கேட்டா கேளுங்க கேக்காட்டி விடுங்க.

வைஃபை ரேடியோனே தனி பெட்டி வெளிநாட்டுல இருந்து யாராவது கொண்டாந்து குடுத்தா சந்தோசம், ஆனா செகண்ட் ஹேண்டா காசு குடுத்து வாங்குறதுக்கு முந்தி ஓட்டி காட்ட சொல்லுங்க. அந்த பெட்டியெல்லாம் ஸ்டேஷன் பட்டியல ஒரு கம்பெனி சர்வர்ல இருந்து எடுக்குது, ரெசிவாங்கிற சேவைய 2021ல மூடுனப்ப அத நம்பி இருந்த நல்ல நல்ல பெட்டியெல்லாம் ஒரே நாள்ல ஊமையாச்சு.

பழைய போன வீட்டு ரேடியோவா மாத்துறது

என்ன கேட்டா இது தான் பெஸ்ட். மூலையில கெடக்குற பழைய போன், ஸ்க்ரீன் வெடிச்சிருந்தாலும் பரவால்ல, தொட்டா வேல செஞ்சா போதும். மொதல்ல எல்லாத்தையும் அழிச்சி ரீசெட் பண்ணுங்க, வைஃபை இல்லனா சிம் போடுங்க, ரேடியோவ தவிர ஒரு ஆப்பும் வேணாம். பேட்டரி ஊதியிருந்தா, பின் மூடி மேல தூக்கிட்டு நின்னா அந்த போன தொடாதீங்க, அது நெருப்பு.

அடுத்தது சத்தம். வீட்டுல பழைய கேசட் செட்டு இருந்தா அத தூக்கி போட்டுடாதீங்க. பின்பக்கம் தூச தொடச்சிட்டு பாருங்க, செவப்பு வெள்ளைனு ரெண்டு ஓட்டையோ, ஏயுஎக்ஸ்னு போட்ட ஒரு சின்ன ஓட்டையோ இருக்கும். போனோட இயர்போன் ஓட்டையில இருந்து அதுக்கு ஒரு வயர், டவுன்ல எலக்ட்ரிக் கடையில கேட்டா குடுப்பாங்க. செட்டுல சுவிட்ச ஏயுஎக்ஸ் பக்கம் தள்ளுங்க, போன் வால்யூம முக்காவாசில வச்சிட்டு மிச்சத்த செட்டுல கூட்டுங்க. போன்ல முழுசா கூட்டுனா சத்தம் கிழியும்.

போன சார்ஜ்ல போட்டதும் செட்டுல "உர்ர்"னு ஒரு இரைச்சல் வருதா? சார்ஜர் வழியா வர்றது அது. சார்ஜர கழட்டுங்க, நின்னா சார்ஜர் தான், வேற சார்ஜர் போட்டு பாருங்க, இல்லனா போனையும் செட்டையும் ஒரே பிளக் பேஸ்ல குத்தி பாருங்க. எதுக்கும் மசியலனா வயர விட்டுட்டு புளூடூத் ரிசீவர் ஒண்ணு போடலாம்.

ராத்திரி கேட்டுக்கிட்டே தூங்குறவங்க ஆப்ல ஸ்லீப் டைமர் வைங்க, விடிய விடிய ஓடுனா டேட்டாவுக்கு யாரு பதில் சொல்றது.

கரண்ட் போன நேரம்

2022ல ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரைக்கும் கரண்ட் வெட்டுனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ரவுட்டருக்குனு மினி யூபிஎஸ் வாங்குற பழக்கம் அப்ப தான் பரவுச்சு. வாங்குறதா இருந்தா ரவுட்டர் அடியில உள்ள ஸ்டிக்கர்ல 12 வோல்ட்டா 9 வோல்ட்டானு பாத்துட்டு போங்க, மாத்தி குத்துனா ரவுட்டர் போச்சு.

ஆனா மண்சரிவு, புயல்னு வந்தா யூபிஎஸ் எல்லாம் சும்மா. 2025 நவம்பர் கடைசில டித்வா புயல் அடிச்சப்ப நம்ம மாவட்டங்கள்ல ரோடு, கரண்ட், சிக்னல் எல்லாம் ஒண்ணா போச்சு, வீட்டு ரவுட்டர் எரிஞ்சிக்கிட்டு இருந்தாலும் டவர் செத்தா என்ன கேக்குறது. அதனால நெட் ரேடியோ எவ்வளவு நல்லா ஓடுனாலும் பேட்டரிக் கல்லு போட்டு ஓடுற சின்ன எஃப்எம் செட்டு ஒண்ணு வீட்டுல இருக்கணும். வெயில் நாள்லயே அத எடுத்து எந்த மூலையில எந்த ஸ்டேஷன் பிடிக்குதுனு பாத்து, நம்பர ஒரு துண்டு பேப்பர்ல எழுதி செட்டு பின்னால ஒட்டிடுங்க. கல்ல உள்ளயே விட்டுடாதீங்க, ஒழுகி ஸ்ப்ரிங்க அரிச்சிடும், தனியா ஒரு பையில போட்டு செட்டோட சேத்து கட்டி வைங்க.